மஞ்சள் பூசிய எலி

டிஷ்யூ சுருள் தீர்ந்தால் மிஞ்சும் அட்டைக் குழாயை இன்றைக்கும் என்னால் குப்பையில் போட முடிவதில்லை. "இது இன்னாத்துக்கு?" என்று மனைவி கேட்கிறாள். என்னவென்று சொல்ல? ஒரு காலத்தில் இதை நிமிஷத்தில் கடித்துத் தூளாக்க என் வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள்.

இருவரும் ஜெர்பில்கள். வால் நுனியில் குஞ்சம் வைத்த, கைக்குள் அடங்கும் பாலைவன எலிகள்; அண்ணன் தம்பி. மலைமேல் புதூர்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துத் தனியாகக் குடியிருந்தபோது, பேச்சுத் துணைக்கென்று வேலூரில் வாங்கி, ஜீப்பில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். நல்ல துணை! சூரியகாந்தி விதையை உள்ளங்கையில் ஏந்திக் கை மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருப்பேன். விதையை விட்டுவிட்டு விரலைக் கடிப்பார்கள்.

வீட்டுக்காரர் சின்னப்பொண்ணு அக்காவுக்கு என்மேல் ஒரே பரிதாபம். "எலிய வூட்ட விட்டுத் தொரத்துவாங்க. நீங்க இன்னா சார், காசு குடுத்து வாங்கினு வந்துக்கிறீங்க?" என்பார். ஆனால் சாமை அள்ளிய அவர் கையை நீட்டினால் போதும், இரண்டும் ஓடிவந்து ஏறிக்கொள்ளும். எனக்கு வயிறு எரியும்.

மாட்டுப் பொங்கலன்று நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள், மாடுகளுக்குச் செய்ததை அக்கா என் பெரியவனுக்கும் செய்துவிட்டார். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம்! சின்னவன் கூண்டிலிருந்த மண்ணுக்குள் பதுங்கித் தப்பித்திருக்கிறான்.

"வூட்ல கீற உசுருதானே சார். நல்ல நாள் அதுவுமா சும்மா வுட முடியுமா?"

ஐயோ, ஜெர்பில்கள் ஒன்றையொன்று வாசனையால்தான் அறியும். மஞ்சள் மணக்க உள்ளே போன அண்ணனை, யாரோ எவனோ என்று தம்பி குதறிவிட்டான். பிரித்தெடுத்து, கூண்டின் நடுவே கம்பிவலை கட்டி, ஒருவன் வாசனை மற்றவனுக்குப் பழகட்டுமென்று தினமும் இடம் மாற்றி விட்டேன். இனிச் சேரவே மாட்டார்களோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. போகும்போதும் வரும்போதும் அக்காவைத் திட்டினேன். "பங்காளிச் சண்ட சார், சேந்துக்கும்" என்றார் அவர், அலட்டிக்கொள்ளாமல்.

ஒருநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால், வலைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், முதுகோடு முதுகு ஒட்டித் தூங்குகிறார்கள். மெல்ல வலையை எடுத்தேன். எழுந்து முகர்ந்து பார்த்தார்கள். பிறகு ஒருவன்மேல் ஒருவன் ஏறிப் படுத்துக்கொண்டார்கள்.

மாற்றலாகி வேலூர் வந்தபின், வயதாகி இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அக்காவிடம் நான் சொல்லவில்லை.

இந்த மாட்டுப் பொங்கலன்று அவரே போன் செய்தார். "மாடெல்லாம் வித்தாச்சு சார். மஞ்சள் பூச வூட்ல ஒண்ணுமே இல்ல. உங்க எலிங்களயாவது இட்டுனு வாங்க."

பழைய கோபத்தில் திட்டத்தான் வாயைத் திறந்தேன். மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"வர்றோம்க்கா" என்றேன்.