சார்ஜென்ட் நிறுத்திய மிஷின்கள்

1993 ஆகஸ்ட் 18, புதன்கிழமை. வழக்கம்போல எட்டு மணிக்குப் பனியன் கம்பெனிக்கு வந்து, நூல் கோன்களைச் சரிபார்த்து, டீக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நிட்டிங் மிஷின்களின் சத்தம் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், ஃபிட்டர் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்.

அவரைச் சார்ஜென்ட் என்றுதான் கூப்பிடுவோம். குன்னத்தூர்ப் பக்கத்துக்காரர். விமானப்படையில், ஸ்குவாட்ரன் என்னும் போர் விமானப் பிரிவு ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர். எல்லை தாண்டி வரும் விமானத்தை எழும்பிப் போய் மறிப்பதுதான் அந்த ஸ்குவாட்ரனின் வேலை. அதற்காக ஓடுபாதை ஓரத்தில் இரண்டு விமானங்கள், பைலட்டுகள் உள்ளேயே உட்கார்ந்திருக்க, எந்நேரமும் தயாராக நிற்குமாம். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் இவர் பெல்ட் மாட்டி அனுப்பிய ஒரு பைலட் திரும்பி வரவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் சார்ஜென்ட் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருப்பார். எண்பதுகளில் விமானங்கள் பழசாகிப்போக, ஸ்குவாட்ரனைக் கலைத்துவிட்டார்கள். அப்படிக் கலைத்தாலும் அதன் எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காமல் எடுத்துவைப்பது அங்கே வழக்கம். புது விமானங்கள் வந்தால் அதே எண்ணில் மறுபடி தொடங்குவார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பலகையில் வரைந்து, அதன்மேல் அதை மாட்டிவைப்பார்கள். ஒன்று குறைந்தாலும், உள்ளே விழுந்துகிடக்குமோ என்று, கிடைக்கும்வரை விமானம் எழும்பாது. எங்கள் சுவரிலும் அப்படி ஒரு பலகை மாட்டியிருந்தார். அன்று அதில், போல்ட் முடுக்கும் எல்-கீ ஒன்று இல்லை.

முதலாளி வந்தார். சாயங்காலத்துக்குள் துணி போகாவிட்டால் ஏற்றுமதி ஆர்டர் கைவிட்டுப் போகும்.

"ஏனுங்க சார்ஜென்ட், பனியன் மிஷினு பறக்கவா போகுதுங்க?"

ஆட்கள் சிரித்தார்கள்.

"ஊசி மேல உழுந்திருந்தா மிஷினே போயிருமுங்க."

"அதுக்கு எல்லாத்தயுமா நிறுத்தறது?"

"எதுல உழுந்துதுன்னு தெரியலீங்களே."

மதியம் அது முதலாளியின் கார் சீட்டுக்கடியில் கிடைத்தது. முந்தின நாள் எதையோ முடுக்க அவரே எடுத்துப்போனது. அதை என் மேசைமேல் வைத்துவிட்டு, "நாளையிலிருந்து அவரு வேண்டாமுங்க" என்றார். ஆர்டர் போய்விட்டது.

எங்களுடையது சார்ஜென்டுக்கு மூன்றாவது கம்பெனி. வயது ஐம்பது. மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார். எல்-கீயை அதன் இடத்தில் மாட்டினார். மிஷின்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டார். கேட்டருகே நின்று, "ஸ்குவாட்ரன் நம்பர எடுத்து வெச்சிருக்காங்க தம்பி. எங்கள ஆரு எடுத்து வெக்கறாங்க?" என்றார். அந்த எண்ணுக்குப் புது விமானங்கள் வந்தனவா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை, முதல் வேலையாக, 'ஃபிட்டர் தேவை' என்று எழுதி கேட்டில் நானே தொங்கவிட்டேன்.