பசியாறிட்டியா என்று கேட்டதற்கு

பெரியவளே, சின்னவளே, அப்பா எழுதுகிறேன். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் நடந்தது முழுக்கப் பெரியவளின் ஓட்டத்தைப் பற்றியது. அதனால் ‘நீ’ என்று வரும் இடமெல்லாம் அவள்தான். சின்னவளே, உன்னைச் சின்னவள் என்றே எழுதிக்கொண்டு போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன். பாலத்துக்கு அந்தப்புறம், பத்து காவான் ஊரில், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கை இது. பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

ஹேண்ட்ஃபோனில் எழுதாமல் எதற்குத் தாளில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். ஹேண்ட்ஃபோனில் நான் எழுதியது எதுவும் போய்ச் சேரவேண்டிய ஆளிடம் போய்ச் சேரவில்லை. அதனால்தான்.

நீ வேலைக்கென்று கோலாலம்பூர் போன பிறகு, ஒரு நாள் காலையில் சின்னவள் ஹேண்ட்ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அப்பா, அக்காவ பாருங்க. ரன்னிங் இன்ஃப்ளுயன்சர் ஆயிட்டா.”

“அப்படின்னா?”

“ஓடுவா. ஓடுறத வீடியோ எடுத்துப் போடுவா. ஜனங்க பாப்பாங்க.”

“ஒருத்தி ஓடுறத எதுக்குப் பாக்கணும்? அவங்களே ஓடலாமே.”

“அவங்களும் ஓடுவாங்க லா. பாத்துட்டு ஓடுவாங்க.”

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்: “யாரு தொரத்துறா அவள?”

மூன்று பேரும் சிரித்தோம். பிறகு நான் அந்த வீடியோவை மறுபடியும் போடச் சொன்னேன். இன்னும் விடியாத ரோடு. நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு ஓடுகிறாய். மூச்சிரைக்க இரைக்கத் தமிழும் இங்கிலீஷுமாகப் பேசுகிறாய். நீ ஓடிய பாதை கடைசியில் சிவப்புக் கோடாக வருகிறது. “இன்னிக்கும் வெறும் வயித்துலதான்” என்று ஏதோ பரிசு வாங்கியதைச் சொல்வதுபோல் சொன்னாய். சின்னவளுக்குச் சிவப்புக் கோடு தெரிந்தது. எனக்கு உன் கழுத்தெலும்பு தெரிந்தது.

“இதுக்குக் கீழ எழுதுனா அவளுக்குப் போகுமா?” என்று கேட்டேன்.

“போகும்பா.”

அவளுக்கு மட்டும்தான் போகும் என்று நினைத்துக்கொண்டேன். என் ஹேண்ட்ஃபோனை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி எழுதினேன்: “பசியாறிட்டியா மா? அப்பா.”

நம் வீட்டில் காலையில் முதலில் கேட்பது அதுதானே. கதவைத் திறந்து வெளியே போகிற யாரும் அதற்குப் பதில் சொல்லாமல் போனது கிடையாது. கோப்பியும் ரொட்டியும்தான் என்றாலும் “ஆச்சுப்பா” என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் படி இறங்குவீர்கள்.

நான் எழுதியதற்கு நிறையப் பேர் இதயம் போட்டார்கள். யார் யாரோ. தமிழ்நாட்டிலிருந்து ஒருவர், பசியாறிட்டியா என்றால் என்ன என்று கேட்டார். காலையில் சாப்பிட்டாச்சா என்று அர்த்தம், மலேசியாவில் இப்படித்தான் கேட்போம் என்று இன்னொருவர் விளக்கம் கொடுத்தார். நீயும் சிரிக்கிற முகம் ஒன்று போட்டிருந்தாய். சாப்பிட்டேன் என்றோ இல்லை என்றோ போடவில்லை.

அடுத்த நாளும் கேட்டேன். அதற்கு அடுத்த நாளும். வேலைக்குப் போகும் முன், பாலத்தில் நெரிசல் தொடங்குவதற்குள் கேட்டுவிட்டுத்தான் மோட்டாரில் ஏறுவேன். நாளாக நாளாக, நான் கேட்பதற்கு முன்பே மற்றவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். வீடியோ வந்த மறுநிமிஷம் வரிசையாகப் பசியாறிட்டியா, பசியாறிட்டியா. சிலர் கடைசியில் “அப்பா” என்றுகூடச் சேர்த்துப் போட்டார்கள். என்னுடையது எங்கேயோ அடியில் கிடக்கும். சின்னவள்தான் விரலால் தள்ளித் தள்ளித் தேடிக் காட்டுவாள்.

“அப்பா, நீங்க ஃபேமஸ் லா.”

சுங்கை பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் முன்பின் தெரியாத ஒரு பையன், என் பேருக்குப் பக்கத்தில் வருகிற சின்னப் படத்தை வைத்து என்னை அடையாளம் கண்டு, “அண்ணே, அந்தப் பசியாறிட்டியா அப்பா நீங்கதானே?” என்று கேட்டுப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டான். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை பேர் கேட்கிறார்களே, யாராவது ஒருவருக்காவது பதில் சொல்லாமலா இருப்பாள் என்று நினைத்தேன்.

இங்கே நடக்கவிருந்த கடற்கரைச் சாலை ஓட்டத்துக்காக நீ வீட்டுக்கு வந்தாய். கதவைத் திறந்த அம்மா உன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “உள்ள வா, காத்துல பறந்துறப் போற” என்றாள். நீ சிரித்தாய். செருப்பைக் கழற்றும்போது இடது காலை ஊன்றாமல் சுவரைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய்.

கிளினிக்குக்கு வரமாட்டேன் என்றாய். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள், வேறு வழியில்லாமல் வந்தாய். டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“சாப்பிடாம இவ்வளவு ஓடினா ஒடம்பு எங்கேருந்து எடுக்கும்? எலும்புலேருந்துதான் எடுக்கும். இதோ, கீறல் விழுந்திருக்கு. இனி ஓடினா ஒடஞ்சிரும் மா. நல்லா சாப்பிட்டு, கால ஆற விடணும்.”

வெளியே வந்ததும் நீ சொன்னாய்: “ஒரே ஒரு ரன்பா. பேரு குடுத்துட்டேன். ஷூ கம்பெனி போஸ்டர்ல என் மூஞ்சி இருக்கு.”

“மூஞ்சிதானே போஸ்டர்ல இருக்கு? அது அங்கயே இருக்கட்டும். கால் வீட்ல இருக்கட்டும்.”

“உங்களுக்குப் புரியாதுப்பா. எல்லாரும் எனக்காக வராங்க.”

அந்த ‘எல்லாரும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் அடுத்ததைச் செய்தேன். என் பேச்சைக் கேட்காதவள் அவர்கள் சொன்னால் கேட்பாள் என்று நினைத்தேன். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, உன் வீடியோவுக்குக் கீழே எழுதினேன். “பிள்ளைகளா, இவள் அப்பா எழுதுகிறேன். இவளுக்குக் கால் எலும்பில் கீறல் இருக்கிறது. ஓடினால் உடைந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவள் சாப்பிடுவதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பாள். ஓட வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்பா.”

கொஞ்ச நேரத்திலேயே பதில்கள் வந்து குவிந்தன. சின்னவளை வாசித்துக் காட்டச் சொன்னேன். அவள் வாசித்துக்கொண்டே வந்து, போகப் போகக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அப்பா பாசம் வேற லெவல்.” “கண்ணு கலங்கிருச்சு அப்பா.” “அக்கா சிங்கம், கீறலாவது ஒன்னாவது.” “ஸ்கிரிப்ட் யாரு எழுதுனா, சூப்பர்.” “அப்பாவுக்காக ஓடுங்க அக்கா.”

“ஓட வேணான்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?”

“ஒரு ஆன்ட்டி சொல்லியிருக்காங்கப்பா. பொறாமைன்னு சொல்லி எல்லாரும் அவங்கள ஏசுறாங்க.”

நீ அறையிலிருந்து வந்தாய். சத்தம்கூடப் போடவில்லை. “அப்பா, இது என் வேலைப்பா. உங்க கிடங்குக்கு வந்து நான் எதாச்சும் சொல்றேனா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாய். நான் எழுதியது கொஞ்ச நேரத்தில் காணாமல் போயிருந்தது. நீதான் எடுத்திருப்பாய். அதற்குள் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டவர்கள் வேறு வேறு இடங்களில் போட்டுவிட்டார்கள்.

ஓட்டத்தன்று நானும் போனேன். கடல் பக்கமாகத் திரும்புகிற மூலையில் கயிற்றுக்கு இந்தப்புறம் நின்றேன். பக்கத்தில் பாகான் டாலாமிலிருந்து வந்த பிள்ளைகள் சிலர், எல்லாருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பனியன். நெஞ்சில் பெரிய எழுத்தில் “பசியாறிட்டியா?” என்று அச்சடித்திருந்தது. அதில் ஒரு பெண், நம் சின்னவள் வயதுதான் இருக்கும், என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

“அங்கிள்! உங்க டீசர்ட்தான். நல்லாருக்கா?”

“நீ ஓடலையா மா?”

“ஓடி முடிச்சிட்டேன் அங்கிள், சின்ன ரன்.”

“பசியாறிட்டியா?”

அவளுக்கு ஒரே சிரிப்பு. கூட வந்தவர்களைக் கூப்பிட்டு, “ஏய், அங்கிள் என்கிட்டயே கேட்டுட்டாரு!” என்று குதித்தாள். பிறகு பெருமையாகச் சொன்னாள்: “இல்ல அங்கிள். நானும் அக்கா மாதிரிதான், காலையில ஒன்னும் சாப்பிட மாட்டேன். மொதல்ல தல சுத்தும். அப்புறம் பழகிரும்னு அக்கா சொல்லியிருக்காங்க.”

என் பையில் அம்மா கட்டிக் கொடுத்த மீகூன் சேமியாப் பொட்டலம் இருந்தது. எடுத்து நீட்டினேன். “ஐயோ வேணாம் அங்கிள்” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நல்ல பிள்ளை. எல்லாருமே நல்ல பிள்ளைகள்தான். அவர்களில் ஒருவராவது கெட்டவராக இருந்தால் எனக்குக் கோபப்பட ஓர் ஆளாவது கிடைத்திருக்கும்.

நீ மூலையில் திரும்பியபோது முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கால் மட்டும் தனியாக வேறு யாருடைய காலோ போல வந்தது. “நில்லுமா! போதும், நில்லு!” என்று கத்தினேன். அதே நேரத்தில் சுற்றியிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் “பசியாறிட்டியா! பசியாறிட்டியா!” என்று கத்தினார்கள். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. நீ அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினாய். அப்படியே மடங்கி விழுந்தாய்.

கயிற்றைத் தாண்டி உன் பக்கத்தில் வந்தபோது நீ முதலில் கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. “யாராச்சும் எடுத்தாங்களாப்பா?” என்று கேட்டாய்.

எடுத்திருந்தார்கள். நீ போட்ட எல்லா வீடியோவையும்விட அதைத்தான் அதிகம் பேர் பார்த்ததாகச் சின்னவள் சொன்னாள்.

ஆப்பரேஷன் முடிந்து, காலில் கம்பி வைத்து, வீட்டில் கிடந்தாய். இனியாவது எல்லாம் நிற்கும் என்று அம்மா நினைத்தாள். நானும் நினைத்தேன். நீ படுத்த இடத்திலிருந்தே வீடியோ போட்டாய். மறுபடி எப்போது ஓடுவாய் என்று கேட்டார்கள். அவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் எழுதினாய். தட்டில் சோற்றை ஓர் ஓரமாக ஒதுக்கி, அதன்மேல் டிஷ்யூவைப் போட்டு மூடி வைப்பாய். சாப்பிட்ட தட்டு மாதிரி இருக்கும். அம்மா டிஷ்யூவைத் தூக்கிப் பார்ப்பதைக் கொஞ்ச நாளில் விட்டுவிட்டாள்.

நீ திரும்பிப் போன அன்று காலையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஏதோ சத்து மாவுக் கம்பெனி உன்னையும் என்னையும் சேர்த்து விளம்பரத்துக்குக் கேட்டதாகச் சொன்னாய். நான் தட்டைக் கொண்டுவந்து வைத்து, பசியாறிட்டியா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

“கேட்டா சாப்பிடுவியா?” என்றேன்.

“சாப்பிடுவேன்பா.”

அந்த ஒரு சொல்லுக்காக ஒத்துக்கொண்டேன். அம்மா தோசை சுட்டாள், சார்டின் மீனில் சம்பல் வைத்தாள். உனக்குப் பிடித்த மாதிரி முட்டையை ஓரம் கருகப் பொரித்தாள். சின்னவள் ஹேண்ட்ஃபோனைப் பிடித்துக்கொண்டாள். நான் தட்டை வைத்துக் கேட்டேன். குரல் சரியில்லை என்றாய். மறுபடி கேட்டேன். கொஞ்சம் சிரித்த மாதிரி கேளுங்கப்பா என்றாய். சிரித்த மாதிரி கேட்டேன். நீ ஒரு விள்ளல் பிய்த்து, சம்பலில் தொட்டு, வாய்வரைக்கும் கொண்டுபோனாய்.

“கட். ஓக்கே, போதும்” என்றாய். விள்ளலைத் தட்டிலேயே போட்டாய்.

கீழே கார் வந்து நின்றது. அம்மாவும் சின்னவளும் உன் பைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம்வரைக்கும் கூடவே வந்தார்கள். காரில் இடமில்லாததால் நான் வரவில்லை. லிஃப்ட் கதவு மூடும்போது நான் அதையே இன்னொரு தடவை கேட்டேன். நீ ஹேண்ட்ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். தட்டு மேசைமேல் அப்படியே இருந்தது. தோசை விறைத்துப்போயிருந்தது. உன் நாற்காலியில் உட்கார்ந்து, நீ பிய்த்துப் போட்ட விள்ளலை முதலில் எடுத்துச் சாப்பிட்டேன். பிறகு மிச்சத்தையும் சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.