அண்ணனின் முறை

“...பேச்சு வரலன்னா ஆளே இல்லன்னு ஆயிடுமா பாஸ்டர்? இப்ப முறை அவரோடது. தாண்டிப் போவாதீங்க,” என்றார் அண்ணி.

எங்கள் சபையில் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபம். வாரம் ஒரு வீடு. பாயில் வட்டமாக உட்காருவோம். ஜெபத்துக்கு முன்னால் ஆளுக்கொரு வசனம் மனப்பாடமாகச் சொல்லவேண்டும். அன்றைக்குச் செங்கல்பட்டில் அண்ணன் வீடு. பாஸ்டர் ஊருக்குப் புதியவர். அண்ணனுக்குப் பேச்சு வராது என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். சங்கடப்படுத்த வேண்டாமே என்றுதான் அவரை விட்டுவிட்டு, அடுத்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அண்ணன் மறைமலைநகருக்குக் கம்பெனி பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. கை ஓரளவு திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. நன்றாக இருந்த காலத்திலும் வசனம் சொல்வதில் அவர் தாராளம் காட்டியதில்லை. வேதத்திலேயே எது சின்ன வசனமோ அதைத்தான் வாராவாரம் சொல்வார். அண்ணாத்தைக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிண்டல் செய்வார்கள். ஆண்டவருக்கும் ஆயிரம் வேலை, சுருக்கமாகச் சொன்னால் அவருக்கும் நல்லதுதானே என்பார்.

அண்ணி ஆண்டவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அந்தக் குரல். சோறு வடிக்கும்போதும் கேட்பார், துணி காயப்போடும்போதும் கேட்பார். மாமல்லபுரம் பக்கம் கடலோரச் சபை ஒன்றில் உபவாச ஜெபம் என்று கேள்விப்பட்டு, பஸ் பிடித்துப் போனோம். அண்ணன் நெற்றியில் எண்ணெய் பூசி நெடுநேரம் ஜெபித்தார்கள். அவர் ஜன்னல் வழியாகப் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே வந்தபோது ஓர் அம்மாள், விசுவாசம் பத்தவில்லை போலிருக்கிறது என்றார், உருக்கமாகத்தான். அண்ணி கோபப்படவில்லை.

“பத்தாம இருந்தா எப்பவோ கேக்கறத வுட்டிருப்பேன்மா. இன்னும் கேட்டுகினுதான கீறேன்.”

திரும்பும் வழியில், சட்டைக் காலரில் பட்ட எண்ணெய்க் கறை எந்த சோப்புக்குப் போகும் என்று என்னிடம் விசாரித்தார்.

சபையில் பலரும் அதற்குள் ஜெபத்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள், நானும்தான். அவருக்கு மனச்சமாதானம் கொடும் என்று கேட்கத் தொடங்கினோம். அது கேட்பதற்குச் சுலபம். கிடைத்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அண்ணி மட்டும் குரலையே கேட்டார்.

அன்றைக்கு அண்ணி அப்படிச் சொன்னதும் பாஸ்டர் மன்னிப்புக் கேட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். காத்திருந்தோம். அண்ணனின் உதடு அசைந்தது. தொண்டைக்குள் என்னவோ உருண்டது, சொல்லாக வரவில்லை. எதிரில் இருந்த ஒருவர் இரக்கப்பட்டு, அவருக்காக அந்தச் சின்ன வசனத்தைச் சொல்ல வாயெடுத்தார். அண்ணி கைகாட்டி நிறுத்தினார். வெளியே மின்சார ரயில் ஒன்று கடந்து போய்ச் சத்தம் அடங்கியது. அண்ணன் இன்னொரு தடவை முயன்றார். பிறகு வாயை மூடி, முடிந்தது என்பதுபோல் தலையைத் தாழ்த்தினார்.

ஒவ்வொருவர் வசனத்துக்குப் பிறகும் சொல்வது போலவே அண்ணி “ஆமென்” என்றார். நாங்களும் சொன்னோம். அதன் பிறகுதான் அண்ணி என் முழங்காலைத் தட்டி, என் வசனத்தைச் சொல்லச் சொன்னார்.