சின்னதே போதும் என்றவர்

கண்ணுங்களா, எங்கள் ஸ்ரீரங்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆபீசுக்கு, வாடிக்கையாளர் புகார்களைப் பதிவு செய்கிற சாஃப்ட்வேர் விற்க ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், கண்ணாடி எப்போதும் நெற்றிக்கு மேலே. போனில் வரும் புகார்களைக் கேட்பது என் வேலை; என் மேஜை போன் அடித்தால் அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்.

"நீங்க சொல்லுங்க சார், போனை அவரு பார்த்துக்குவாரு" என்றார் முதலாளி.

"இருக்கட்டுங்க. இந்த போனுக்குத்தானே சாஃப்ட்வேரே!"

அப்போது சமயபுரத்து லாட்ஜ்காரர், பில் பிரிண்ட் ஆகவில்லை என்று போனில், வெளியே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார். "அண்ணே, பேப்பர் இருக்கா பாருங்க" என்றேன். பேப்பர் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே போனை வைத்தார்.

முதலாளி கேட்டார்: "தானே பதில் சொல்ற பெரிய சாஃப்ட்வேர் வாங்கிட்டா, போன் எடுக்கிற இவரு சம்பளம் மிச்சம்தானே?"

நான் விற்க வந்தவர் முகத்தைப் பார்த்தேன்.

"மிச்சம்தாங்க. ஆனா மெஷின்கிட்ட கத்தியிருந்தா அந்த லாட்ஜ்காரரு சிரிச்சிருக்க மாட்டாரு, வேற கம்பெனிக்குப் போயிருப்பாரு. உங்களுக்குப் புகாரை மட்டும் எழுதி வைக்கிற சின்னதே போதும்."

"விக்க வந்தீங்களா, கெடுக்க வந்தீங்களா?" என்று சிரித்தபடி முதலாளி சின்னதையே வாங்கினார்.

பெரியதை விற்றிருந்தால் அவருக்குத்தான் லாபம். ஏன் வேண்டாம் என்றார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் கிளம்பியதும் புது சாஃப்ட்வேரைத் திறந்தேன். 'புகார் கேட்பவர்' என்ற கட்டத்தில் என் பேரை நானே அடித்தேன்.