இரும்பு யோசிக்கட்டும்

லாரிகள் நிற்கும் மைதானத்தில் என் அக்காவுக்கு நத்தை என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். இப்போது மற்ற பட்டறைக்காரர்களே கையை விரித்துவிட்டு, "நத்தைகிட்ட கொண்டு போங்க" என்று ஆள் அனுப்புகிறார்கள். பெரிய லாரிகளில் துருப்பிடித்து, ஒட்டிக்கொண்டு, கழல மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பாகங்களைக் கழற்றுவது அவள் வேலை. அதற்கென்று வாங்கிய கருவி எதுவும் அவளிடம் கிடையாது. கிடக்கிற இரும்பில் அந்தந்த வேலைக்கு ஒன்றைச் செய்துகொள்வாள்.

ஆரம்பத்தில் அவள் அங்கே லாரி சீட் தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் இரண்டு பேர் ஒரு சக்கரத்தின் குடத்தைக் காலையிலிருந்து சம்மட்டியால் சாத்திக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனவள் குனிந்து, "உள்ள ஒரு வளையம் இருக்கே, அதக் கழட்ட வேணாமா?" என்றாள். அழுக்கில் புதைந்த பூட்டு வளையம். தையல்காரி எதைப் பிரிப்பதற்கு முன்னாலும் தையல் எங்கே ஓடுகிறது என்றுதான் பார்ப்பாள். பக்கத்தில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவரைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டாள்; அவர்தான் என் மாமா.

ஐந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பிய வாரத்தில், ஒரு டிரைவர் தன் பழைய லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். பதினெட்டு வருடம் சம்பளத்துக்கு ஓட்டி, சொந்தமாக வாங்கிய வண்டி. கியர்பாக்ஸின் பின்னால், நீளமான ஷாஃப்டைப் பூட்டும் வட்டத் தட்டு கழலவில்லை. அதைக் கழற்றினால்தான் உள்ளே எண்ணெய் ஒழுகும் ஆயில் சீல் வளையத்தை மாற்ற முடியும். வேறொரு பட்டறையில் அடித்துப் பார்த்திருந்தார்கள். தட்டின் ஓரமெல்லாம் சம்மட்டித் தழும்பு.

"இந்த மாடல் தட்டு எங்கேயும் கிடைக்கலம்மா. உடைஞ்சா வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான். நான் மறுபடி யாருக்காவது டிரைவர்" என்றார்.

"உடையாதுன்னு சொல்ல மாட்டேன், அண்ணே. நான் உடைக்க மாட்டேன். அதத்தான் சொல்ல முடியும்."

ஒரு மணி நேரம் அவள் அழுக்கைச் சுரண்டினாள். பழைய சேஸிஸிலிருந்து வெட்டிய கனத்த இரும்புத் துண்டில் மாமா ஓட்டைகள் போட்டுக் கொடுத்தார். அதைத் தட்டோடு போல்ட் போட்டுப் பிணைத்தாள். நடுவில் ஒரு தடித்த போல்ட். அதை முறுக்க முறுக்க அது ஷாஃப்டின் நுனியை உள்ளே தள்ளும், தட்டு வெளியே இழுபடும். ஷாஃப்டின் நட்டை முழுக்கக் கழற்றாமல் நாலு சுற்று மரையில் விட்டிருந்தாள். திடீரென்று கழன்றால் தட்டு பறந்து வந்து யார் மார்பையும் பிளக்கக் கூடாது.

கால் சுற்று முறுக்கினாள். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

"அவ்வளவுதானா?" என்றார் டிரைவர்.

"இரும்பு யோசிக்கட்டும்."

அரை மணி கழித்து இன்னொரு கால் சுற்று. தட்டின் மேல் துணியைச் சுற்றிக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினாள். கேஸ் நெருப்பு காட்டினால் உள்ளே இருக்கும் பேரிங் கெட்டுவிடுமாம். எனக்கே பொறுமை போனது. "இதுக்கு நீ கோழிய அடைகாக்க விட்டிருக்கலாம்" என்று மாமா மனைவியைச் சீண்டினார். "கோழி உங்கள மாதிரி பேசாது, அதான் யோசிக்கிறேன்" என்றாள்.

மறுநாள் காலை, அவள் தண்ணீர் கொதிக்க வைக்கப் போன நேரத்தில், டிரைவரால் தாங்க முடியவில்லை. ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி முழு பலத்தையும் போட்டார். போல்ட்டின் மரை சடசடவென்று வழித்துக்கொண்டு போனது. தட்டு அசையவில்லை.

அக்கா வந்தபோது அவர் பைப்பைப் பிடித்தபடியே நின்றார். "நான்தாம்மா பண்ணேன். என்னைத் திட்டிடு."

அவள் குனிந்து தட்டைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு, "உங்கள நேத்துலருந்து சும்மா உக்கார வெச்சிருக்கேன். அது என் தப்பு" என்றாள். ஒரு டப்பா துருப்பிடித்த போல்ட்டுகளையும் கம்பி பிரஷ்ஷையும் அவர் முன்னால் வைத்தாள். "ஒவ்வொண்ணும் பளபளன்னு வரணும்."

மாமா லேத்தில் நாலு நீளக் கம்பிகளுக்கு மரை போட்டார். அவற்றால் இரும்புத் துண்டைத் தட்டிலிருந்து தள்ளிக் கட்டி, இடையில் டயர் மாற்றும் சின்ன ஜாக்கியைப் படுக்க வைத்தாள் அக்கா. பம்ப் கீழ்ப்பக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் ஏறாது. இரண்டு அழுத்து. கொதிநீர். காத்திருப்பு. மறுபடி ஒரு அழுத்து. டிரைவர் பிரஷ்ஷை விட்டுத் தலை தூக்கவே இல்லை. பதினேழாவது போல்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஜாக்கியை யாரும் தொடாமலே, துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம்.

"கழண்டுச்சு" என்றேன்.

"உடைஞ்சுதா?" என்றார் அவர்.

அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அக்கா தட்டை உருவிக் கழுவி, மண்ணெண்ணெய் தடவி ஊற விட்டாள். பிறகு நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளை எங்கும் பூசினாள். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் வெளியே கசிந்து தூளில் கறுப்புக் கோடு போடும். வெயிலில் வைத்தாள். நாலு பேரும் சுற்றி நின்றோம். டிரைவர் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூள் வெள்ளையாகவே இருந்தது. அக்கா திருப்பிப் போட்டு, பின்பக்கத்துக்கும் அதே வைத்தியம் செய்தாள். அதுவும் வெள்ளை.

"மாட்டலாம், அண்ணே."

அவர் தட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். பிறகு லாரிக்கு அந்தப் பக்கம் போய் வீட்டுக்கு போன் செய்தார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சாக்பீஸ் தூள்.

"வீட்டுல என்ன சொன்னாங்க?" என்றார் மாமா.

"வண்டி நம்மளோடதுதான்னு சொன்னேன். அதுக்கு ஏன் அழுவுறீங்கன்னு கேக்குறா."