முள்ளுக்கணு எண்ணிய மாரீஸ்வரன்

தாராவி மாரீஸ்வரனுக்கு மீன் முள்ளை எண்ணுவதுதான் உத்தியோகம் என்றால் யார் நம்புவார்கள்? அவர் மனைவி பேராச்சியே முதலில் நம்பவில்லை. "முள்ளு எண்ணுததுக்குச் சம்பளமா? எவனோ ஒங்களக் கேலி பண்ணுதான்" என்றாள்.

ஆனால் செம்பூரில் ஒரு கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் பதினாறு வருஷமாக அதுதான் வேலை. குப்பியிலிருந்து மீனை எடுப்பார், வெந்நீரில் முக்கிச் சதையை வழிப்பார், முதுகுமுள்ளின் ஒவ்வொரு கணுவிலும் கட்டைவிரல் நகத்தை வைத்து எண்ணுவார். பத்துக்கு ஒரு புளியங்கொட்டையை நகர்த்துவார். மெஷின் தப்பினாலும் தப்பும், மாரியின் நகம் தப்பாது என்று அங்கே பேச்சு.

விஞ்ஞானி சாதனா மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். வருஷா வருஷம் இவர் கையில் ராக்கிக் கயிறு கட்டி "அண்ணா" என்பார். இவருடைய திருநெல்வேலிப் பக்கம் இல்லாத வழக்கமா, மனிதர் அப்படியே உருகிப்போனார். கயிறு தானாக அற்று விழும்வரை கழற்ற மாட்டார்.

போன வருஷம் நார்வேயிலிருந்து ஹெர்ரிங் மீன் வந்தது, நம் சாளைக்குச் சொந்தக்கார மீன். அட்லாண்டிக் கடலில் பிடித்ததற்கு ஐம்பத்தேழு கணுவாக்கில் வரும். ஒரு குப்பியிலிருந்த இருபது மீனுக்கும் ஐம்பத்து மூன்றுதான் வந்தது. அது அலாஸ்கா பக்கத்துப் பசிபிக் மீனின் கணக்கு. மூன்று தடவை எண்ணிவிட்டுச் சாதனாவிடம் ஓடினார்.

"மேடம், இது பசிபிக் கடல் மீனு. வடக்க ஐஸ் உருகுதுன்னு சொன்னீயள்லா, அந்த வழியாத்தான் நார்வேக்கு வந்திருக்கும்."

"சும்மா இருங்கோ அண்ணா, குப்பி மாறியிருக்கும்" என்று சாதனா சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து ஆங்கிலத்தில் ஒரு காகிதத்தை நீட்டினார். "நீங்க எண்ணினதைத்தான் எழுதியிருக்கேன். சைன் பண்ணுங்கோ." ராக்கி கட்டிய தங்கை நீட்டினால், படித்துக் காட்டு என்று கேட்பாரா? கேட்கவில்லை, போட்டார்.

அடுத்த வாரமே வாசலில் ரெஜிஸ்டர் எழுதும் வேலைக்கு மாற்றல். கிளார்க் மகேஷ்குமார் காகிதத்தை வாசித்துச் சொன்னான்: "குப்பியெல்லாம் நாந்தான் கலந்துட்டேன், மன்னிக்கணும்னு நீரேல்லா கையெழுத்துப் போட்டிருக்கீரு, அண்ணாச்சி!" அடப் பாவமே! பதினாறு வருஷத்தில் ஒரு மூடியைக்கூட மாற்றிப் போடாதவர். ஆனாலும் மேடத்துக்கு மேலிடத்தில் என்ன நெருக்கடியோ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார், பைத்தியக்கார மனிதர்.

இந்த வருஷம் சாதனாவுக்குப் பாராட்டு விழா. மறுபடி வரவழைத்த மீனிலும் அதே ஐம்பத்து மூன்று வந்திருக்கிறது. உருகிய வடதுருவக் கடல் வழியாக மீன் கடல் மாறியதை முதலில் எண்ணிக் கண்டது தான்தான் என்று சாதனா மேடையில் சொன்னார். தண்ணீர் பாட்டில் வைக்கப்போன மாரீஸ்வரன் அப்படியே நின்றுவிட்டார். கூடப்பிறந்தவள் என்றல்லவா நம்பினேன், பாவி, என்று முனகினார்.

கூட்டம் கலைந்ததும் சாதனாவிடம் போனார். "மேடம், பேரு எனக்கு வேண்டாம். அந்தக் கடுதாசிய மட்டும் கிழிச்சிருங்க. நான் கலக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எம் புள்ளைங்க மூஞ்சியில எப்படி முழிக்கது?"

சாதனா வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "அதெப்படி அண்ணா முடியும்? நீங்க கலக்கலேன்னா, முதல்ல எண்ணினது நீங்கன்னு ஆயிடுமே."

"அப்ப, நான் கலக்கலன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

சாதனா பூங்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சேரெல்லாம் மடக்கி வெச்சுட்டுப் போங்கோ" என்றார்.