உடைச்சாச்சு

கொரோனா வந்த வருஷம் சிதம்பரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். மூக்கிலிருந்து எடுத்து வரும் சளியில் ஒரு திரவத்தை ஊற்றினால் கிருமியின் உறை உடையும். உள்ளிருக்கும் மரபுப்பொருள் குழாயின் வடிகட்டியில் ஒட்டிக்கொள்ளும். அழுக்கைக் கழுவித் தள்ளிவிட்டு, ஒட்டியதைப் பிரித்தெடுத்துச் சோதிப்போம். உடைக்கிறது, கழுவுறது என்றுதான் எங்களுக்குள் பேச்சு. குழாய்களையும் ஊர் சொல்லிக் கூப்பிடுவோம்.

அன்று பிச்சாவரத்துப் பெரியவர் ஒருவர் இறந்து பிணவறையில் கிடந்தார். கிருமி இல்லை என்று வந்தால்தான் உடலை வீட்டுக்குத் தருவார்கள். இருந்தால் பையில் சுற்றி நேரே சுடுகாடு. பெற்ற பிள்ளைகூடத் தொட முடியாது. அந்தப் பிள்ளை காலையிலிருந்து எங்கள் ஜன்னலோரம் நின்றான். மீன்பிடிக்கிறவன்.

என்னோடு வேலை பார்ப்பவள் உள்ளறையிலிருந்து கேட்டாள். "பிச்சாவரம் பெரியவர் என்னா ஆனாரு?"

"உடைச்சாச்சு. ஒருவாட்டி கழுவிட்டேன்."

"எங்கப்பாவையாடி உடைச்சீங்க?"

வெளியே நின்றவன் இரண்டு முஷ்டியாலும் ஜன்னல் கண்ணாடியைக் குத்திச் சிதறடித்துவிட்டு உள்ளே குதித்தான். நாற்காலியைத் தூக்கி என் முகத்தில் அடித்தான். உதடு கிழிந்தது. அடுத்து குழாய் சுழலும் மெஷினைப் பிடித்து இழுத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் மெஷினைக் கட்டிக்கொண்டு அவன் வயிற்றிலேயே உதைத்தேன். அதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.

"உடைச்சது கிருமியடா, நாயே. உங்கப்பா சளிதான் இதுல இருக்கு. கொட்டுச்சின்னா மறுபடி மொதல்லேர்ந்து. அதுவரைக்கும் அவரு ஐஸ்லதான் கெடக்கணும்."

அவன் கை அப்படியே நின்றது. அதற்குள் வாட்ச்மேன்கள் வந்து, இழுத்துப் போட்டு மிதித்தார்கள். என் மனம் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ரத்தம் பட்ட கையுறையைக் கழற்றி, புதிதாக மாட்டி, இரண்டாம் முறை கழுவினேன்.

சாயங்காலம் முடிவு வந்தது. கிருமி இல்லை. நாலு வார்த்தை திட்டிவிட்டும் வரலாம் என்று நானே பிணவறைக்குப் போனேன். கண்ணாடி கிழித்த அவன் கைகள் இரண்டிலும் தையல் போட்டு, விரல் நுனிவரை கட்டியிருந்தார்கள்.

"இல்லன்னு வந்துருச்சு. எடுத்துட்டுப் போ."

"தொடலாமாக்கா?"

"தொடு."

இரண்டு கையையும் அப்பா கன்னத்தில் வைத்தான். கொஞ்ச நேரம் வைத்தபடியே இருந்தான்.

"துணிதாங்க்கா தெரியுது."

சொல்லிவிட்டுக் கட்டுத்துணியைப் பல்லால் கடித்து இழுக்க ஆரம்பித்தான்.